சொஸ்மா: தீர்ப்பு வருவதற்கு முன்பே ஏன் ஆண்டுக்கணக்கில் சிறை?

ரவாங்கில் இருந்து போர்ட் கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலில் ஏறினால் முதலில் குவாங், அடுத்து சுங்கை பூலோ. அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு மருத்துவமனைதான் ஞாபகம் வரும். ஆனால், நம் சமூகத்தில் சில குடும்பங்களுக்கு சுங்கை பூலோ என்றால் சிறைச்சாலை. அவர்களின் மகனோ அண்ணனோ அங்கே இருக்கிறார். தண்டனை பெற்று இல்லை, வழக்கு முடிவதற்காகக் காத்துக்கொண்டு.

ஒருவர் குற்றவாளியா, இல்லையா என்று நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே அவர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்க முடியுமா? மலேசியாவில் முடியும். அதற்கு வழி செய்வது 2012-ஆம் ஆண்டு பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம். சுருக்கமாகச் சொன்னால் சொஸ்மா.

இந்தச் சட்டம் என்ன செய்கிறது? நீதிமன்றத்துக்கும் சிறைச்சாலைக்கும் அதனால் ஏன் நெருக்கடி? உங்கள் குடும்பத்தில் ஒருவர் கைதானால் என்ன தெரிந்திருக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொஸ்மா எங்கிருந்து வந்தது?

உங்கள் அப்பா, தாத்தா காலத்தில் எல்லாரும் பயந்த பெயர் இசா, அதாவது 1960-ஆம் ஆண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். விசாரணையே இல்லாமல் ஒருவரைத் தடுத்து வைக்க அது இடம் கொடுத்தது. அதோடு 1969-இல் வந்த அவசரகாலச் சட்டமும் இருந்தது. குண்டர் கும்பல் உறுப்பினர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் அதன் கீழ் சிம்பாங் ரெங்கம் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள்.

2011 செப்டம்பரில் அப்போதைய பிரதமர் நஜிப், இசா ரத்து செய்யப்படும் என்று அறிவித்தார். அவசரகால நிலையும் முடிவுக்கு வந்தது. இசாவின் இடத்துக்கு வந்ததுதான் சொஸ்மா. 2012 ஜூலை 31 முதல் அது நடப்பில் இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இது ஒரு முன்னேற்றம்தான். இசாவில் அமைச்சரின் கையெழுத்து போதும். சொஸ்மாவில் ஒருவரைக் குற்றம் சாட்ட வேண்டும், நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், சாட்சியம் காட்ட வேண்டும். பிரச்சினை, அந்த வழக்கு முடியும்வரை அவர் எங்கே இருப்பார் என்பதில்தான்.

பயங்கரவாதத்துக்கான சட்டம்தானே, நமக்கு என்ன?

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால், சொஸ்மா தனியாக எந்தக் குற்றத்தையும் உருவாக்கவில்லை. அது ஒரு நடைமுறைச் சட்டம். எந்தெந்தக் குற்றங்களுக்கு இந்தச் சிறப்பு நடைமுறை பொருந்தும் என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. பயங்கரவாதம் அதில் ஒன்று. ஆள் கடத்தல் இன்னொன்று. தண்டனைச் சட்டத்தில் உள்ள ஒழுங்கமைக்கப்பட்ட குற்றங்களும், அதாவது குண்டர் கும்பல் குற்றங்களும், அதே பட்டியலில் இருக்கின்றன.

கும்பல் குற்றங்களில் அடிக்கடி கேள்விப்படுவது தண்டனைச் சட்டத்தின் 130வி பிரிவு. ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக் கும்பலில் ஒருவர் உறுப்பினராக இருந்தாலே அது குற்றம். தண்டனை குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. எத்தனை பேர் சேர்ந்தால் கும்பல்? சட்டப்படி இரண்டு பேரே போதும். பணமோ அதிகாரமோ செல்வாக்கோ அடைவதற்காக அவர்கள் சேர்ந்து கடுமையான குற்றத்தில் இறங்கும் நோக்கம் கொண்டிருந்தால் அது கும்பல்தான்.

2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்றும் அமைச்சு சொன்னது. நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏழு விழுக்காடுகூட இல்லை. அதனால்தான் பெரிய கும்பல் ஒன்று முறியடிக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம் அந்தப் பெயர்ப் பட்டியலை நம் குடும்பங்கள் பதற்றத்தோடு படிக்கின்றன.

ஒரே ஊர், இரண்டு வழக்குகள்

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ரவாங்கில் இரண்டு இளைஞர்கள் கைதாகிறார்கள். ஒருவர் மீது சாதாரண அடிதடி வழக்கு. இன்னொருவர் மீது கும்பல் உறுப்பினர் என்ற சந்தேகம்.

முதலாமவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் லாக்கப்பில் வைக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவுப்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள், மொத்தம் 7 நாள்தான். 14 ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். குற்றம் சாட்டப்பட்டால் வழக்கு பெரும்பாலும் செலாயாங் நீதிமன்றத்துக்குப் போகும். ஜாமீன்தாரர் ஒருவர் பணம் கட்டினால் அவர் வீட்டுக்குப் போகலாம். வேலைக்குப் போய்க்கொண்டே வழக்கு நாளில் வந்து நிற்கலாம்.

இரண்டாமவரின் பாதை வேறு. சொஸ்மாவின் 4-ஆம் பிரிவுப்படி முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு 28 நாள் வரை அவரைத் தடுத்து வைக்கலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை. சூப்பரிண்டெண்டன்ட் பதவியிலோ அதற்கு மேலோ உள்ள போலீஸ் அதிகாரி முடிவு செய்தாலே போதும். லாயரைச் சந்திப்பதையும் 48 மணி நேரம் வரை தள்ளிப்போட முடியும்.

குற்றச்சாட்டு வந்த பிறகு வழக்கு உயர் நீதிமன்றத்தில்தான் நடக்கும். சிலாங்கூரில் அது பெரும்பாலும் ஷா ஆலம். ஜாமீன்? 13-ஆம் பிரிவுப்படி கிடையாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் மட்டும் விதிவிலக்கு உண்டு. பயங்கரவாதக் குற்றம் என்றால் அந்த விதிவிலக்கும் பொருந்தாது.

ஆக, 25 வயது ஆரோக்கியமான இளைஞர் ஒருவருக்கு நீதிபதியே நினைத்தாலும் ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அவர் தப்பி ஓடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை.

விசாரணை ஏன் இவ்வளவு இழுக்கிறது?

கும்பல் வழக்கில் ஒருவர் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை. பத்து, இருபது பேர் ஒன்றாக நிறுத்தப்படுவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் லாயர் வேண்டும். அத்தனை லாயர்களுக்கும், துணை அரசு வழக்கறிஞர்களுக்கும், நீதிபதிக்கும், சாட்சிகளுக்கும் ஒத்து வரும் தேதி வேண்டும். ஒரு லாயருக்குக் காய்ச்சல் வந்தாலும் எல்லாருடைய வழக்கும் தள்ளிப்போகலாம்.

ஒவ்வொரு சாட்சியையும் ஒவ்வொரு தரப்பும் குறுக்கு விசாரணை செய்யும். சில சாட்சிகள் 14-ஆம் பிரிவின் கீழ், குற்றம் சாட்டப்பட்டவரின் கண்ணுக்குத் தெரியாமல் சாட்சியம் சொல்வார்கள். அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். கொலை, போதைப்பொருள் கடத்தல், கீழ் நீதிமன்ற மேல்முறையீடு என்று உயர் நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே வேலை நிறைய. அந்த வரிசையில்தான் இந்த வழக்குகளும் வந்து நிற்கின்றன.

சாதாரண வழக்கில் தாமதம் எல்லாருக்கும் தொல்லை. ஆனாலும் ஜாமீனில் இருப்பவர் அந்தத் தாமதத்தை வீட்டில் கழிக்கிறார். சொஸ்மா வழக்கில் ஒவ்வொரு ஒத்திவைப்பும் சிறையில் இன்னும் சில வாரம். நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய வரிசை சிறைக்குள் போய் நிற்கிறது. சொஸ்மாவால் வரும் நெருக்கடியை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதுதான்.

விடுதலை ஆனாலும் உடனே முடிந்துவிடாது. 30-ஆம் பிரிவுப்படி, உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்தாலும், அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய நினைத்தால் அது முடியும்வரை அவரைக் காவலில் வைக்கும்படி கேட்கலாம்.

சிறைச்சாலைக்கு இதில் என்ன சுமை?

மலேசியச் சிறைகள் கொள்ளளவை மீறிய நிலையில் இருப்பதை உள்துறை அமைச்சே பல முறை ஒப்புக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் வழக்குகளில் வந்தவர்கள். எண்ணிக்கையில் பார்த்தால் சொஸ்மா கைதிகள் அதில் ஒரு சிறு பகுதிதான். அப்புறம் ஏன் அவர்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்?

நெரிசலைக் குறைக்க சிறைச்சாலை இலாகாவிடம் சில வழிகள் உண்டு. நன்னடத்தைக்காகத் தண்டனையில் மூன்றில் ஒரு பகுதி வரை குறைக்கலாம். 2008-இல் பரோல் முறை வந்தது. குறுகிய காலத் தண்டனை பெற்றவர்களை உரிமத்தோடு விடுவித்து வெளியே வேலைக்கு அனுப்பும் திட்டமும் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு கட்டாய வருகைச் சட்டப்படி, 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய சில குற்றங்களுக்கு, சிறைக்குப் பதிலாக நாளுக்கு 4 மணி நேரம், 3 மாதம் வரை சமூக வேலை கொடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

இந்த எல்லா வழிகளும் தண்டனை பெற்றவர்களுக்குத்தான். தீர்ப்பே வராதவருக்குத் தண்டனைக் குறைப்பு எப்படிக் கொடுப்பது? எந்தத் தண்டனையைக் குறைப்பது? ஆக, குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவருக்கு வெளியே வர நாலு கதவு இருக்கிறது. நிரபராதி என்று சட்டம் கருதும் ஒருவருக்கு ஒரே கதவுதான்: ஜாமீன். சொஸ்மா அதைத்தான் பூட்டி வைத்திருக்கிறது.

சுங்கை பூலோ சிறையில் சொஸ்மா கைதிகள் உண்ணாவிரதம் இருந்ததும், அவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் சிறை வாசலில் கூடியதும் சமீப ஆண்டுகளில் செய்தியானது. அவர்களில் பலர் கேட்டது, வழக்கைக் கைவிடுங்கள் என்றில்லை. ஜாமீன் கொடுங்கள், இல்லையென்றால் விசாரணையைச் சீக்கிரம் முடியுங்கள் என்றுதான்.

காத்திருப்பதா, ஒப்புக்கொள்வதா?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 130வி பிரிவில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தால் குறைந்தது 5 ஆண்டு. அதற்கு மாற்றாக, 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் 43-ஆம் பிரிவின் கீழ், சட்டவிரோதச் சங்கத்தில் உறுப்பினர் என்ற சிறிய குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டால், அதிகபட்சச் சிறை 3 ஆண்டுதான்.

ஏற்கெனவே இரண்டு, மூன்று ஆண்டு உள்ளே இருந்த ஒருவருக்கு என்ன தோன்றும்? நான் செய்யவில்லை என்று வாதாடினால் இன்னும் எத்தனை ஆண்டோ தெரியாது. ஒப்புக்கொண்டால் சீக்கிரமே வீடு. வழக்கறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கவலை இது. உண்மையிலேயே குற்றம் செய்தவர் ஒப்புக்கொள்கிறாரா, அல்லது காத்திருக்க முடியாதவர் ஒப்புக்கொள்கிறாரா என்று வெளியில் இருந்து பார்க்கும் நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குற்றப் பதிவு அவரோடு கடைசிவரை வரும். வேலை தேடும்போதும் வரும்.

2019-இல் என்ன நடந்தது?

இந்தச் சட்டம் நம் கண் முன்னே பரபரப்பாகப் பேசப்பட்டது 2019 அக்டோபரில். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் கைதானார்கள். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள்: மலாக்கா, காடேக் தொகுதியின் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலான், சிரம்பான் ஜெயா தொகுதியின் பி. குணசேகரன்.

2019 நவம்பர் 29-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னார். ஜாமீனை மறுக்கும் 13-ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்பதே அது. ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, அதை நாடாளுமன்றம் பறிக்க முடியாது என்ற வாதத்தின் அடிப்படையில் வந்த தீர்ப்பு. ஆனாலும் அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் இருந்து நீங்கிவிடவில்லை.

2020 பிப்ரவரி 21-இல் அப்போதைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்கையும் கைவிடுவதாக அறிவித்தார். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுக்காக அவர்கள் காவலில் கழித்தது ஏறக்குறைய நான்கு மாதம். சட்டமன்ற உறுப்பினர்களுக்கே இது நடந்தது. பெயர் தெரியாத, நல்ல லாயர் வைக்கப் பணம் இல்லாத ஒரு பையனுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் சட்டமே வேண்டாமா?

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. குண்டர் கும்பலால் அதிகம் பாதிக்கப்படுவதும் நம் மக்கள்தான். மாமூல் கேட்டு மிரட்டப்படும் கடைக்காரர், பள்ளி வாசலில் கும்பலுக்கு இழுக்கப்படும் பையன், வெட்டுக்குத்தில் மகனை இழந்த தாய் எல்லாரும் நம் தாமான்களில்தான் இருக்கிறார்கள். கும்பல் ஆட்களை ஜாமீனில் விட்டால் சாட்சி சொல்ல யார் வருவார்கள் என்பது போலீஸ் தரப்பின் வாதம். அது வெறும் சாக்கு இல்லை. அவசரகாலச் சட்டம் போன பிறகு குற்றங்கள் கூடியதற்கு, அதன் கீழ் வைக்கப்பட்டிருந்தவர்கள் வெளியே வந்ததே காரணம் என்று போலீஸ் சொன்னது. 1959-ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டமான போக்கா திருத்தப்பட்டு, விசாரணையின்றி 2 ஆண்டு தடுத்து வைக்கும் அதிகாரம் வந்தது அதன் தொடர்ச்சிதான்.

ஆனால், விசாரணை இழுப்பது பாதிக்கப்பட்டவருக்கும் நல்லதில்லை. நாலு ஆண்டு கழித்துச் சாட்சி சொல்ல வருபவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்குமா?

எல்லாப் புதிய சட்டமும் இப்படிச் சிறையை நிரப்பும் என்றும் சொல்ல முடியாது. 2024-இல் டிக்டாக்கில் மிரட்டப்பட்ட நம் இளம்பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த வழக்கில் ஒருவருக்குக் கிடைத்த தண்டனை 100 ரிங்கிட் அபராதம். நாடே கொதித்தது. அதன் பிறகு பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, 2025-இல் நடப்புக்கு வந்தன. குற்றம் புதிது, தண்டனையும் கடுமை. ஆனால் அவை சொஸ்மாவின் பட்டியலில் இல்லை. ஜாமீன் கதவு திறந்தே இருக்கிறது.

சுமையைக் குறைத்த சட்டமும் உண்டு. தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டு கட்டாய மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் மறுஆய்வு செய்ய வேண்டி வந்தது. பெரிய வேலைதான். ஆனால் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, அந்த நீதிமன்றத்துக்குத் தற்காலிக அதிகாரம் கொடுத்து, 2023 நவம்பரில் விசாரணையைத் தொடங்கினார்கள். திட்டமிட்டால் நெருக்கடியைச் சமாளிக்க முடியும் என்பதற்கு இது உதாரணம்.

மற்ற நாடுகளில் எப்படி?

இந்தியாவில் சிறையில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2024 ஜூலை 1-இல் அங்கே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோது ஒரு வரம்பு வைத்தார்கள். முதல் முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை ஏற்கெனவே காவலில் கழித்திருந்தால் ஜாமீனில் விடப்பட வேண்டும். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது.

இங்கிலாந்தில் சிறைகளில் இடமே இல்லாமல் போனதால், 2024 செப்டம்பரில் இருந்து சில வகைக் கைதிகள் பாதித் தண்டனைக்குப் பதிலாக 40 விழுக்காட்டை முடித்ததும் விடுவிக்கப்பட்டார்கள். நிரம்பிய பிறகு கதவைத் திறந்தால் இப்படித்தான் அவசரமாகத் திறக்க வேண்டி வரும்.

அடுத்து என்ன?

சொஸ்மாவின் 28 நாள் தடுப்புக் காவலுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். 2022 மார்ச் 23-இல் மக்களவை அதை நிராகரித்தது. ஆதரவு 84, எதிர்ப்பு 86. இரண்டே ஓட்டு வித்தியாசம். ஜூலையில் தீர்மானம் மறுபடியும் வந்து நிறைவேறியது. அந்த ஐந்து ஆண்டு 2027 ஜூலையோடு முடிகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஓட்டெடுப்பு 28 நாளைப் பற்றியது மட்டும்தான். ஜாமீனை மறுக்கும் 13-ஆம் பிரிவுக்கு இப்படிக் காலக்கெடு எதுவும் இல்லை. அதை மாற்ற வேண்டுமானால் சட்டத்தையே திருத்த வேண்டும். சுஹாகாமும் மலேசிய வழக்கறிஞர் மன்றமும் இதைத்தான் கேட்டு வந்திருக்கின்றன. ஜாமீன் கொடுங்கள் என்று நீதிபதியைக் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. கொடுக்கலாமா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அவரிடம் திருப்பிக் கொடுத்தால் போதும்.

உங்கள் குடும்பத்தில் ஒருவர் கைதானால்

முதலில், எந்தச் சட்டத்தின் கீழ் கைது என்று கேளுங்கள். சாதாரணக் குற்றவியல் நடைமுறையா, சொஸ்மாவா, போக்காவா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த எல்லாமே. சொஸ்மா என்றாலும் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று அதன் 5-ஆம் பிரிவே சொல்கிறது.

லாயர் வைக்க வசதி இல்லையா? தேசியச் சட்ட உதவி அறக்கட்டளையை அணுகுங்கள். மலாயில் யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஹான். கைது, தடுப்புக் காவல், ஜாமீன் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு அது உதவுகிறது.

கைதானவருக்கு நாள்பட்ட நோய் இருந்தால் மருத்துவ ஆவணங்களையும், வயது 18-க்குக் கீழே என்றால் பிறப்புப் பத்திரத்தையும் உடனே லாயரிடம் கொடுங்கள். 13-ஆம் பிரிவில் இருக்கும் சின்ன விதிவிலக்கைப் பயன்படுத்த அவை தேவை.

கைதான தேதி, அழைத்துச் சென்ற போலீஸ் நிலையம், நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட நாள், ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் சொல்லப்பட்ட காரணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தண்டனைக் காலத்தைக் கணக்கிடும்போதும் சரி, தாமதத்தைப் பற்றி முறையிடும்போதும் சரி, லாயர் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.